நண்பர்கள் கூட்டமாகப் போகும் வார இறுதிப் பயணம்: உணவகம் பார்ப்பது எப்படி, எப்போது என்ன கேட்பது

பதினோரு பேர் இரண்டு இரவு வெளியூர் போனோம். சனிக்கிழமை இரவு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஒரு உணவகம் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இணையத்தில் நட்சத்திரங்களைப் பார்த்தேன், தட்டுகளின் படங்களைப் பார்த்தேன், போன் செய்தேன், "வாங்க, இடம் இருக்கும்" என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன். போய் நின்றபோது நான்கு பேருக்கு மாடியில், ஏழு பேருக்குக் கீழே இடம் கொடுத்தார்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள தோழி எதைச் சாப்பிடலாம் என்று உறுதியாகச் சொல்ல அங்கே யாரும் இல்லை. பசியோடு இரண்டு மணி நேரம் எங்களோடு உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் ஒத்துவரும் நாளாகப் பார்த்து, விடுப்பு எடுத்து, சேர்ந்து பேசத்தான் அங்கே போனோம். அந்த இரவு பேசவே முடியவில்லை.

அதற்குப் பிறகு நான்கு பயணங்களுக்கு நானே இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். கூட்டத்துக்கு உணவகம் தேடும்போது ருசி கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார முடியுமா, எல்லோரும் பயமில்லாமல் சாப்பிட முடியுமா, எல்லோராலும் அந்தப் பணத்தைக் கொடுக்க முடியுமா, இந்த மூன்றும் சரியான பிறகு மெனுவைத் திறந்தால் போதும். முதல் முறை இந்தப் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள், வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டி வரும்.

1. தலைகளை எண்ணுங்கள் (4 வாரம் முன்பு)

"வருவேன்னு நினைக்கிறேன்" என்பவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு தேதி சொல்லுங்கள், அதற்குள் ஆம் என்று சொன்னவர்கள் மட்டும் எண்ணிக்கையில் வரட்டும். சந்தேகத்தில் இருப்பவர்களைத் தனியாக எழுதி வையுங்கள், உணவகத்திடம் "10 பேர் உறுதி, 12 வரை ஆகலாம்" என்று சொல்ல அது உதவும். 10 என்று சொல்லிவிட்டு 12 பேராகப் போய் நிற்பதுதான் பெரிய பொறி. 12 என்று சொல்லி 10 பேராகப் போனாலும் சில இடங்களில் 12 பேருக்கான தொகையைக் கேட்பார்கள், அதைப் பற்றி முன்பணப் படியில் சொல்கிறேன்.

குழந்தைகள், சக்கர நாற்காலி, முட்டி வலி, கர்ப்பிணி, இதெல்லாம் எண்ணிக்கையோடு சேர்ந்தே வரவேண்டிய தகவல். படிக்கட்டு ஏற முடியாத ஒருவர் இருந்தால் மாடி உணவகங்கள் எல்லாம் பட்டியலிலிருந்து போய்விடும். கழிப்பறையும் அதே தளத்தில் இருக்கிறதா என்று கேட்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், நானும் ஒருமுறை மறந்தேன்.

2. யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள்

குழுவில் பொதுவாகக் கேட்காதீர்கள். எல்லோருக்கும் முன்னால் "எனக்கு இது ஒத்துக்காது" என்று சொல்லக் கூச்சப்படுபவர்கள் நிறைய, "எதுவானாலும் பரவாயில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்தி அனுப்பி, வந்த பதிலை மூன்றாகப் பிரியுங்கள்: உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை; மருத்துவக் காரணத்தாலோ நம்பிக்கையாலோ சாப்பிடாதது; வெறுமனே பிடிக்காதது. முதல் இரண்டுக்கும் எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது. மூன்றாவதுக்கு மெனுவில் வேறு இரண்டு அயிட்டம் இருந்தால் போதும்.

ஒவ்வாமை விஷயத்தில் கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால்தான் உணவகத்தில் சரியாகக் கேட்க முடியும். பால், முட்டை, மீன், இறால் நண்டு வகைகள், பாதாம் முந்திரி போன்ற மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள் ஆகியவைதான் அதிகம் தொல்லை தருபவை. அமெரிக்காவில் எள்ளை 2023 ஜனவரியில்தான் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்த்தார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 இருக்கின்றன. எந்தப் பட்டியல் எந்த நாட்டில் நடைமுறையில் இருக்கிறது என்பது மாறும் என்பதால் "ஒவ்வாமை உள்ளவர் இருக்கிறார்" என்று மட்டும் சொன்னால் போதாது, பொருளின் பெயரைச் சொல்லுங்கள். வேர்க்கடலை பருப்பு வகையைச் சேர்ந்தது, மரக்கொட்டை வேறு. ஒன்று ஆகாதவருக்கு மற்றது ஆகலாம், ஆகாமலும் போகலாம், அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சீலியாக் நோய் இருப்பவர்களுக்குக் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் துளி கலந்தாலும் குடல் பாதிக்கப்படும். சூடுபடுத்தினால் குளூட்டன் அழியாது. அதனால் "கோதுமை சேர்க்க மாட்டோம்" என்ற பதில் அவர்களுக்குப் போதாது. அதே எண்ணெயில் வேறு எதையாவது பொரிக்கிறீர்களா, அதே கல்லில், அதே கரண்டியால் செய்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

கடுமையான ஒவ்வாமை வந்தால் உடனே போடும் அட்ரினலின் ஊசி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அது தங்கும் அறையில் இல்லாமல் சாப்பிடும் இடத்தில் அவர் கைப்பையில் இருக்க வேண்டும். எப்படிப் போடுவது என்று குழுவில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்கட்டும். இதைப் பயணத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

3. பணத்தைப் பற்றி இப்போதே பேசுங்கள்

இதையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். "அந்த ஒரு சாப்பாட்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க வசதிப்படும்?" என்று கேளுங்கள். வந்த தொகைகளின் சராசரியை எடுக்காதீர்கள், மிகக் குறைவாகச் சொன்னவரின் தொகையை எடுங்கள். சராசரி எடுத்தால் குறைவாகச் சொன்னவர்களுக்கு அது கைமீறிய செலவாகிவிடும், நட்புக்காக வாய் திறக்காமல் கொடுப்பார்கள், அடுத்த பயணத்துக்கு வரமாட்டார்கள். அப்படி ஒருவரை நாங்கள் இழந்திருக்கிறோம், காரணம் தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

மெனுவில் இருப்பது முழு விலை என்று நினைக்க வேண்டாம். பல ஊர்களில் வரியும் சேவைக் கட்டணமும் தனியாக வரும். மெனு விலையை 100 என்று வையுங்கள். அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் என்றால் 110, அந்த மொத்தத்தின்மேல் 10 சதவீதம் வரி என்றால் 121. பானங்கள், போகவர வண்டிச் செலவு இன்னும் சேரவில்லை. அதனால் நண்பர் சொன்ன அதிகபட்சத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் மெனு விலை நிற்கும் இடமாகத் தேடுகிறேன். இதுவரை கணக்கு தப்பவில்லை.

4. எந்த வேளை?

போய்ச் சேரும் இரவில் பெரிய விருந்து வேண்டாம். யாராவது ஒருவருக்கு வண்டி தாமதமாகும். அந்த இரவுக்குத் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில், முன்பதிவு தேவைப்படாத எளிய சாப்பாடு போதும். இரண்டாம் இரவுதான் விருந்துக்குச் சரி.

ஆனால் இரவுதான் வேண்டும் என்று யார் சொன்னது? மதிய வேளையையும் யோசியுங்கள். பல உணவகங்களில் மதியம் கூட்டம் குறைவு, சத்தம் குறைவு, சில இடங்களில் மதிய மெனு விலையும் குறைவு, திரும்பி வர வண்டி கிடைக்கும். என் நான்கு பயணங்களில் எல்லோரும் நன்றாகப் பேசிச் சிரித்தது மதிய விருந்து வைத்த இரண்டில்தான்.

இரவுதான் என்றால் இரண்டு நேரங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: கடை மூடும் நேரம் வேறு, சமையலறை கடைசி ஆர்டர் வாங்கும் நேரம் வேறு. இணையத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் மூடும் நேரம். கடைசி ஆர்டர் அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும். அப்புறம், சனி இரவில் ஒரே மேசையை இரண்டு தடவை கொடுக்கும் இடங்களில் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தில் எழுந்திருக்கச் சொல்வார்கள். பத்துப் பேர் வந்து சேர்ந்து, ஆர்டர் சொல்லி, சாப்பாடு வரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஆகவே முதல் சுற்றில் கடைசி நேரம் வேண்டாம், இரண்டாம் சுற்றில் முதல் நேரத்தைக் கேளுங்கள், அதற்குப் பிறகு யாரும் அந்த மேசைக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

5. மூன்று இடங்கள் போதும் (3 வாரம் முன்பு)

இப்போதுதான் தேட வேண்டும். தங்கும் இடத்தை வரைபடத்தில் வைத்து, நடந்து போகும் தூரத்தில் தொடங்குங்கள். வாடிக்கையாளர்கள் போட்ட படங்களைப் புதியது முதலில் வருமாறு வரிசைப்படுத்தி, தட்டை விட்டுவிட்டு மேசைகளைப் பாருங்கள். எல்லாமே இரண்டு பேர், நான்கு பேர் மேசைகளா? தரையோடு பொருத்தியவையா, நகர்த்திச் சேர்க்க முடியுமா? பெரிய குழு உட்கார்ந்த படம் ஒன்றாவது இருக்கிறதா? விமர்சனங்களில் சராசரி மதிப்பெண்ணைவிட, கடந்த மூன்று மாதங்களில் பெரிய குழுவாகப் போனவர்கள் எழுதியது மதிப்புள்ளது. "குழு", "பிறந்தநாள்", "தாமதம்" போன்ற சொற்களைப் போட்டு விமர்சனங்களுக்குள்ளேயே தேடிப் பாருங்கள்.

மேசை அளவு சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அந்த இரவைத் தீர்மானிப்பது அதுதான். ஒருவர் முழங்கை இடிக்காமல் சாப்பிட மேசை விளிம்பில் சுமார் 60 செ.மீ. வேண்டும். 150 செ.மீ. விட்டமுள்ள வட்ட மேசையில் 8 பேர், 180 செ.மீ. என்றால் 10 பேர். அதற்கு மேல் வட்டம் பெரிதானால் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. 12 பேரை ஒரே நீள மேசையில் உட்கார வைத்தால் இந்த முனையில் இருப்பவரும் அந்த முனையில் இருப்பவரும் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்ட மேசை கிடைத்தால் அதையே எடுங்கள், பாதிச் சாப்பாட்டில் இடம் மாறி உட்காரலாம்.

சத்தமும் அப்படித்தான். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல், சுற்றியுள்ள சத்தம் அதைத் தாண்டினால் எல்லோரும் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கும், அதனாலேயே சத்தம் இன்னும் ஏறும். கண்ணாடிச் சுவர், கல் தரை, உயரமான கூரை, திரைச்சீலையோ விரிப்போ எதுவும் இல்லாத அறை என்றால் எதிரொலி நிச்சயம். இதைப் படத்திலேயே பார்த்துவிடலாம்.

பிறகு மூன்று இடங்களை மட்டும் குழுவில் வாக்கெடுப்புக்கு விடுங்கள். வாட்ஸ்அப்பில் 12 தெரிவு வரை போடலாம், போடாதீர்கள். மூன்றும் மேலே சொன்ன எல்லா நிபந்தனைகளிலும் தேறியவையாக இருக்க வேண்டும், அப்போது எது ஜெயித்தாலும் யாருக்கும் பாதகமில்லை. 48 மணி நேரம் கெடு.

6. போன் செய்யுங்கள்

செயலியில் முன்பதிவு செய்ய முடிந்தாலும் எட்டுப் பேருக்கு மேல் என்றால் நேரடியாகப் பேசிவிடுங்கள். மதியக் கூட்டம் முடிந்து இரவுக் கூட்டம் தொடங்காத நேரம், 3 மணியிலிருந்து 5 மணிக்குள், பேச ஆள் இருப்பார்கள், அவசரமும் இருக்காது. சனி இரவு 8 மணிக்குப் போன் செய்தால் போனைக் கீழே வைப்பதற்காகவே எல்லாவற்றுக்கும் சரி சரி என்பார்கள். எனக்குக் கிடைத்த "இடம் இருக்கும்" அப்படி வந்ததுதான்.

எண்ணை உணவகத்தின் சொந்த இணையதளத்திலிருந்து எடுங்கள். வரைபடப் பட்டியல்களில் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம், மோசடி எண்கள் அப்படித்தான் நுழைகின்றன.

முதலில் பேசுபவரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நான் கேட்பவை இவை:

- இத்தனை பேருக்கு ஒரே மேசையா, அடுத்தடுத்த மேசைகளா? எந்தத் தளம், உள்ளேயா வெளியேயா, மழை வந்தால் எங்கே?
- எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? கடைசி ஆர்டர் எப்போது?
- இந்தப் பொருள் ஆகாதவர் ஒருவர் இருக்கிறார். சமையலறையில் கேட்டுச் சொல்ல முடியுமா? அதற்கு நான் எப்போது திரும்ப அழைக்கட்டும்?
- குழுவுக்குத் தனி மெனு கட்டாயமா? குறைந்தபட்சச் செலவு என்று ஏதும் உண்டா?
- சேவைக் கட்டணம் பில்லில் தானாகச் சேருமா? பில்லைப் பிரித்துக் கொடுப்பீர்களா?
- அன்றைக்குப் பாட்டுக் கச்சேரியோ தனியார் விழாவோ இருக்கிறதா?

ஒவ்வாமைக் கேள்விக்கு உடனே "ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று வரும் பதிலை நம்பாதீர்கள். "சமையல்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பவரை நம்புங்கள். "எங்களால் உத்தரவாதம் தர முடியாது" என்று நேர்மையாகச் சொல்லும் இடமும் நல்ல இடம்தான், நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போன் செய்யுங்கள்.

7. முன்பணமும் எழுத்தும் (2 வாரம் முன்பு)

பெரிய குழு என்றால் பல இடங்களில் முன்பணம் கேட்பார்கள். அதை நியாயமாகவே பார்க்கிறேன், பத்துப் பேர் வராமல் போனால் அவர்களுக்கு ஓர் இரவின் வருமானம் போகிறது. கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது: பில்லில் கழிப்பார்களா, எந்தத் தேதிவரை ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும், பணமாகத் தருவார்களா, இன்னொரு நாள் சாப்பிடக் கூப்பனாகவா, ஒருவர் இருவர் குறைந்தால் அவர்கள் பங்கு போய்விடுமா, இறுதி எண்ணிக்கையை எப்போது சொல்ல வேண்டும், 48 மணி நேரம் முன்பா, 72-ஆ. சில இடங்களில் பணம் எடுக்காமல் கார்டில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள், அது விடுபடச் சில நாட்கள் ஆகலாம், பயணச் செலவுக்கு அதே கார்டை நம்பியிருந்தால் திண்டாட்டம்.

உங்கள் கையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு வசூலிக்கலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் எல்லோரிடமும் வாங்குங்கள், பிறகு கட்டுங்கள். பணம் கொடுத்தவர்தான் உறுதியாக வருபவர் என்பதும் அப்போது தெரிந்துவிடும். யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள், கடையின் பெயரில் உள்ள கணக்குதான்.

போனில் பேசிய எல்லாவற்றையும் அன்றே மின்னஞ்சலாகவோ செய்தியாகவோ எழுதி அனுப்பி, "சரிதானே?" என்று பதில் வாங்குங்கள். தேதி, நேரம், எண்ணிக்கை, மேசை அமைப்பு, ஒவ்வாமை, முன்பணம், ரத்து விதி, பேசியவர் பெயர், எல்லாம் ஒரே செய்தியில். அந்தப் பதிலையும் பண ரசீதையும் படமாக எடுத்துப் போனிலேயே வையுங்கள், போகும் ஊரில் இணையம் கிடைக்காமல் போகலாம். குழுவில் இன்னொருவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும். மது பரிமாறும் இடமென்றால் வயதுச் சான்று கேட்கலாம், அடையாள அட்டையை எடுத்து வரச் சொல்லிவிடுங்கள். மொழி தெரியாத ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஒவ்வாமையை அந்த ஊர் மொழியில் ஓர் அட்டையில் எழுதி, அந்த மொழி தெரிந்தவரிடம் சரிபார்த்து எடுத்துச் செல்லுங்கள்.

8. முன்கூட்டியே ஆர்டர்

முடிந்தால் செய்யுங்கள். எல்லோருக்கும் சாப்பாடு ஒரே நேரத்தில் வரும், பில்லும் முன்பே தெரியும். மாற்றமில்லை என்று யாரிடமும் கெடுபிடி வேண்டாம், முதல் சுற்றை மட்டும் முன்பே சொல்லிவிட்டு மீதியை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

9. பில்லை எப்படிப் பிரிப்பது என்பதை உட்காரும் முன் முடிவு செய்யுங்கள்

சமமாகப் பிரிப்பது எளிது, ஆனால் குடிக்காதவர், குறைவாகச் சாப்பிட்டவர், குழந்தையோடு வந்தவர் தலையில் மற்றவர் செலவு விழும். நாங்கள் இப்போது செய்வது: சாப்பாட்டைச் சமமாகப் பிரிக்கிறோம், மதுவுக்குத் தனி பில், அதைக் குடித்தவர்கள் மட்டும் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு பில்லாகப் போடுங்கள் என்று ஆர்டர் கொடுக்கும் முன் சொல்ல வேண்டும், கடைசியில் சொன்னால் சர்வருக்குப் பெரும் தொல்லை. ஒருவர் முழுதாகக் கட்டிவிட்டு ஸ்பிளிட்வைஸ் மாதிரி செலவைப் பங்கு பிரிக்கும் செயலியில் பதிந்தால் மேசையில் கணக்குப் போட வேண்டியதில்லை. கட்டுபவரின் கார்டு வரம்பு போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டும் முன் பில்லை வரிவரியாகப் படியுங்கள். ஒருமுறை எங்கள் முன்பணத்தைக் கழிக்காமலே பில் வந்தது. ரசீதைக் காட்டியதும் மாற்றிக் கொடுத்தார்கள், ரசீது கையில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள்.

10. முந்தைய நாளும் அன்றும்

முந்தைய நாள் 3 மணிக்கு ஒரு போன்: இறுதி எண்ணிக்கை, ஒவ்வாமை, மேசை, மூன்றையும் திரும்பச் சொல்லுங்கள். அன்று வேறு ஆள் பணியில் இருக்கலாம் என்பதால் பேசியவர் பெயரையும் சொல்லுங்கள். குழுவுக்கு உணவகத்தின் நேரத்தைவிட 20 நிமிடம் முன்னதாகச் சொல்லுங்கள். நீங்கள் இன்னும் 10 நிமிடம் முன்பே போய் மேசையைப் பார்த்துவிடுங்கள், சொன்னபடி இல்லையென்றால் எல்லோரும் வந்து நிற்பதற்குள் பேசி மாற்ற முடியும். ஒவ்வாமை உள்ளவர் சர்வரிடம் தானே ஒருமுறை சொல்லட்டும், நீங்கள் சொல்லியிருந்தாலும் சரி.

மாற்று இடம் ஒன்றின் எண் போனில் இருக்கட்டும், வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்ததே போதும். திரும்பி வர வண்டியைச் சாப்பிடப் போகும் முன்பே பேசி வையுங்கள். சிறிய ஊர்களில் இரவு பத்து மணிக்கு மேல் பத்துப் பேருக்கு வண்டி தேடுவது கஷ்டம்.

மீந்த சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வருவதானால் ஒரு விஷயம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சூடாக என்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிராக என்றால் 5 டிகிரிக்குக் கீழ். நீண்ட விருந்தில் மேசையிலேயே அந்த இரண்டு மணி நேரம் போயிருக்கும். அறையில் இருக்கும் குட்டிக் குளிர்பெட்டி அவ்வளவு குளிருமா என்று தெரியாமல் நம்பாதீர்கள். மறுநாள் எல்லோரும் வண்டியில் பல மணி நேரம் உட்கார வேண்டியிருந்தால் நான் கட்டிக்கொண்டே வரமாட்டேன்.